ஒண்ணு எரியுது

ஷெட் எழுந்து நின்றதும் ஆர்டிஸ் போய்விடுவாள். அது அவள் புருஷன் வெர்லினுக்குத் தெரியும். ஏப்ரல் மாதம், பனி இன்னும் வேலியோரங்களில் அழுக்காகக் கிடந்த சமயம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்கிற குரலில் சொன்னாள்.

"அப்பா, நான் பாய்சிக்குப் போறேன். நடீன் வீட்ல மாடி ரூம் காலியாத்தான் இருக்காம். ஷெட் நிக்கிற வரைக்கும் இருக்கேன். ஒத்தை ஆளா உன்னால அதை நிறுத்த முடியாது."

நடீன் அவளுடைய தங்கை. வட டகோட்டாவில் அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பாய்சிக்குக் காரில் போனால் இரண்டு நாள் பிடிக்கும். வெர்லின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தபடியே "சரி" என்றான். முப்பது வருஷம் கூட இருந்தவள் போகிறேன் என்கிறாள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டானா மனுஷன்? கேட்கவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது அவன் மனசு. கடித்தாலும் தெரியவில்லை.

அவள் அவனை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். மகள் பிரிட்டா பிறந்ததிலிருந்து அப்படி. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான். பிள்ளைக்குப் பழக்கப்படுத்த ஆரம்பித்தது, பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள். ஜனவரியில் பிரிட்டா செத்துப்போன பிறகும் அது மாறவில்லை.

தரையும் வானமும் ஒன்றாகத் தெரிகிற பனிப்புயலில், நெடுஞ்சாலையில், எதிரே வந்த லாரி பிரிட்டாவின் வண்டியைப் பார்க்கவே இல்லை. இருபத்தாறு வயது. டவுனில் வெல்டராக இருந்தாள். அப்பனும் மகளும் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் சொந்தப் பட்டறை போடுவதாகத் திட்டம். அறுவடை இயந்திரம் முழுசாக உள்ளே வந்து நிற்க வேண்டும், மழையோ பனியோ உள்ளே நின்று ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று, அறுபது அடி நீளம் நாற்பது அடி அகலத்துக்கு இரும்பு ஷெட் ஒன்றுக்கு இலையுதிர் காலத்திலேயே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். தூண், உத்தரம், தகடு, போல்ட் எல்லாம் கம்பெனியில் வெட்டித் துளை போட்டு வந்துவிடும். நாம் பூட்டி நிறுத்த வேண்டியதுதான். ஆர்டர் கொடுத்தவர்களில் ஒருத்தி இல்லை என்பது கம்பெனிக்குத் தெரியுமா என்ன? மார்ச் மாதம் லாரி வந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்பையெல்லாம் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது.

திருப்பி அனுப்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. கட்டலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வெர்லின் போய்க் குச்சி நட்டு நூல் கட்டினான். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான்.

மே மாதம் நிலம் உருகியது. மண்ணைச் சமன் செய்தார்கள், சரளை கொட்டி இடித்தார்கள், சுற்றிலும் பலகை அடைத்தார்கள். ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். கோடை விடுமுறை விட்டதும் முழு நாளும் அவனோடு நின்றாள். கம்பி கட்டினாள், சரளை வாரினாள். வேலையைப் பாதியில் விடுகிற ஜாதி இல்லை அவள். போகிறேன் என்று சொன்னதையும் அதே மாதிரி முடிப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். வேலையை இழுத்தடிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இழுத்தடிக்க ஆசை வேண்டுமே.

மத்தியானத்தில் ஹாட்டிஷ் சாப்பிட்டார்கள். சாவுக்கு வந்தவர்கள் கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்த தட்டுகள் ஃபிரீசரில் அடுக்காக இருந்தன. அதையே தினம் ஒன்றாகச் சூடாக்கினாள். ஊர்க்காரர்களின் துக்கத்தை ஜூன் மாதம் வரைக்கும் இரண்டு பேரும் தின்றார்கள்.

வெர்லின் காலையில் வெளியே வந்ததும் காது மூடியை மாட்டிக்கொள்வான். ஆரஞ்சு நிறத்தில், இரைச்சலுக்காகப் பட்டறைகளில் போடுகிற சாதனம். மெஷின் ஓடினாலும் போடுவான், ஓடாவிட்டாலும் போடுவான். ஆர்டிஸ் அதைப் பார்ப்பாள், தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளைக் கேட்கப் பிடிக்காமல் போட்டுக்கொள்கிறான் என்று எவரும் நினைப்பார்கள். விஷயம் நேர்மாறு. அவனுக்கு பிரிட்டாவின் குரல் கேட்டது.

முதல் தடவை பிப்ரவரியில். சமையலறை ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தான், பின்னால் "அப்பா" என்று கேட்டது. சடாரென்று திரும்பினான். யாரும் இல்லை. அன்றிலிருந்து திரும்புவதை விட்டான். திரும்பினால் போய்விடும், திரும்பாவிட்டால் இருக்கும். காதை மூடிக்கொண்டால் மற்றச் சத்தமெல்லாம் அடங்கி, அந்தக் குரல் மட்டும் தூரத்திலிருந்து, அவளேதான் என்று சத்தியம் செய்கிற மாதிரி வரும். பைத்தியம் பிடிக்கிறதோ என்று ஒரு தரம் யோசித்தான். பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாளில் அவன் ஏதாவது உணர்ந்தான் என்றால் அந்த ஒரு கணத்தில்தான்.

ஜூன் கடைசியில் காங்கிரீட் போட்டார்கள். அதற்கு முதல் நாள், தூண்களைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுகள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அளந்து குறித்தார்கள். காங்கிரீட்டில் புதைந்துவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது என்பதால், மொத்த வேலையிலும் இந்த ஒரு நாள்தான் உயிர். ஒரு பக்கம் நாலு தூண், எதிர்ப் பக்கம் நாலு தூண். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு டேப்பை இழுத்து அளக்க வேண்டும். ஆர்டிஸ் முனையைப் பிடித்தாள், வெர்லின் மறுபக்கம் குந்தி எண்ணைப் படித்தான்.

பெரிய டேப்பின் முனையிலுள்ள வளையம் எப்போதும் நசுங்கித்தான் இருக்கும், அதை நம்பி அளந்தால் கெட்டது. அதனால் அங்கே தொழில் தெரிந்தவர்கள் முனையை விட்டுவிட்டு, ஒன்று என்று போட்டிருக்கும் அங்குலக் கோட்டைக் குறியில் வைத்துப் பிடிப்பார்கள். அதற்குப் பேர் ஒன்றை எரிப்பது. எரிவது ஒன்றும் கிடையாது, அந்த முதல் அங்குலம் கணக்கில் சேராது என்று அர்த்தம், அவ்வளவுதான். முனை பிடித்தவர் "ஒண்ணு எரியுது" என்று கத்த வேண்டும். மறுபக்கம் இருப்பவர் "எரியுது" என்று பதிலுக்குக் கத்திவிட்டு ஒரு அங்குலம் கூட்டிக் குறிக்க வேண்டும். இந்த ஒரு வழக்கத்தை பிரிட்டாதான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள், முன்பு கோழிக்கூடு கட்டியபோது. பதில் குரல் வராமல் டேப்பை விடாதே என்றும் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு டேப்பின் மேல் குனிந்திருந்த வெர்லினுக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா, ஒண்ணு எரியுது. குனிந்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். உடம்பெல்லாம் ஒரு வெதுவெதுப்பு ஓடியது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வேலை செய்தவன்தானே, இப்போதும் அவள் கூடவே நின்று வேலை செய்கிறாள் என்று நினைத்தான். பதில் சொன்னால் கலைந்துவிடும். அந்தக் குரல் டேப்புக்காக வந்தது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அங்குலம் கூட்டாமல் நாற்பது அடிக் கோட்டிலேயே பென்சிலால் குறித்தான். நாலு தூணுக்கும் நாலு தரம் அந்தக் குரல் வந்தது, நாலு தரமும் அப்படியே குறித்தான்.

கடைசியில் மூலைக்கு மூலை டேப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு குறுக்களவும் மயிரிழை பிசகாமல் சமம். கோணல் இல்லை என்று ஆகிவிட்டது. ஆகாமல் என்ன, நாலு தூணும் ஒரே அளவில் உள்ளே தள்ளி நின்றால் குறுக்களவு சமமாகத்தானே வரும்? ஓரத்தில் அடைத்த பலகைக்கும் போல்ட் குறிக்கும் இடையே அந்தப் பக்கம் ஒரு அங்குலம் கூடுதலாக இருந்ததைக் கண் பார்த்தது. மனசு பார்க்கவில்லை. மறுநாள் காங்கிரீட் வண்டிகள் வந்து ஊற்றிவிட்டுப் போயின.

ஜூலை நடுவில் டெல்மர் தன் நீளக்கை லோடரை ஓட்டிக்கொண்டு வந்தான். அடுத்த பண்ணைக்காரன், வெர்லினோடு ஒன்றாகப் படித்தவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். பெண்டாட்டி கொடுத்தனுப்பிய, புளிப்பு ரூபார்ப் தண்டு போட்ட கேக்கை ஆர்டிஸிடம் நீட்டினான். இதைச் சாப்பிட்ட பிறகும் அவளோடு குடித்தனம் நடத்துகிறேன் என்றால் எனக்கு எவ்வளவு பெரிய மனசு பார் என்றான். ஆர்டிஸ் சிரிக்கப் பார்த்தாள். அவள் பெட்டிகள் இரண்டு கட்டி முன்னறையில் இருந்தன. கதவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்த டெல்மர் அதையும் பார்த்தான். உடனே திரும்பி லோடர் பக்கம் நடந்தான்.

இரண்டு தூணையும் மேல் உத்தரத்தையும் தரையிலேயே பூட்டி, ஒரு பெரிய வளைவாக வைத்திருந்தார்கள். அதை அப்படியே தூக்கி நிறுத்தி, இரண்டு கால்களையும் போல்ட்டுகளின் மேல் இறக்கினால் முதல் சட்டம் நின்றுவிடும். இதே மாதிரி நாலு. நாலும் நின்றால் மீதி, தகடு அடிக்கிற வேலைதான். ஆர்டிஸ் நடீனுக்கு வாரக் கடைசி என்று சொல்லியிருந்தாள்.

டெல்மர் மெதுவாகத் தூக்கினான். சிவப்பு இரும்பு வானத்தில் எழும்பியது. ஆர்டிஸ் ஒரு கயிற்றைப் பிடித்தாள், வெர்லின் இன்னொன்றை. இந்தப் பக்கத்துக் கால் போல்ட்டுகளில் சுகமாக இறங்கி உட்கார்ந்தது. அந்தப் பக்கத்துக் கால் உட்காரவில்லை. அடித்தகட்டின் துளைகள் போல்ட்டுகளுக்கு வெளியே தள்ளி நின்றன. டெல்மர் ஆட்டிப் பார்த்தான். வெர்லின் கடப்பாரை போட்டு நெம்பினான். அசையவில்லை. கடைசியில் சட்டத்தை மறுபடி தரையில் படுக்கவைத்துவிட்டு, டெல்மர் இறங்கி வந்து டேப்பை எடுத்தான். ஒவ்வொரு ஜோடியாக அளந்தான். நாலு இடத்திலும் முப்பத்தொன்பது அடி பதினோரு அங்குலம்.

"எரிஞ்சிருக்குடா" என்றான் டெல்மர். "சுத்தமா ஒண்ணு எரிஞ்சிருக்கு. என் களஞ்சியத்துல எனக்கு ஒரு அடியே எரிஞ்சுது, அதைப் பாத்தா இதெல்லாம் ஒண்ணுமேயில்ல. அந்தப் பக்கத்து போல்டையெல்லாம் அறுத்துட்டு, துளை போட்டுப் பசை ஊத்திப் புதுசு நட்டுக்கலாம்." பிறகு அவன் வாய் தன் பாட்டுக்கு அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டது. "முனையை யாரு பிடிச்சது?"

ஆர்டிஸ் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். டெல்மருக்கு உடனே புரிந்தது, தவறான இடத்தில் காலை வைத்துவிட்டோம் என்று. துளை போடுகிற மெஷின் வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, வெர்லினின் பிக்கப்பையே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தளத்தின் மேல் இரண்டு பேரும் நின்றார்கள். காற்று புல்லைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு எரியுதுன்னு நீ சொன்னியா?" என்றான் வெர்லின்.

"சொன்னேன். நாலு தரம் சொன்னேன்."

"பதில் வரலேன்னா டேப்பை விடக் கூடாதுல்ல?"

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்ததை அவன் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தான்.

"பதிலா? உன்கிட்டேர்ந்தா? எனக்குப் பதில் வராமப் பழகிப் போச்சு வெர்லின். குளிர்காலத்துலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு தடவை திரும்பிப் பாத்தியா? காலங்காத்தால அந்தக் கருமத்தைக் காதுல மாட்டிக்கிறே. நானும் பிள்ளையைப் பறிகொடுத்தவதான். சுவத்தோட பேசிக்கிட்டு எத்தனை நாள் இருக்க முடியும்? அதனாலதான் போறேன். வேற ஒரு காரணமும் இல்ல."

வெர்லின் என்றாள் அவள். அந்தப் பெயரை அவள் வாயில் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. கழுத்தில் தொங்கிய காது மூடியைக் கழற்றிக் காங்கிரீட்டின் மேல் வைத்தான்.

"கேட்டுச்சு" என்றான். "நாலு தரமும் கேட்டுச்சு. நீன்னு நினைக்கல."

"இங்க வேற யாரு இருந்தா?"

"பிரிட்டா."

ஆர்டிஸ் தளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் நின்றபடியே, போல்ட்டுகளைப் பார்த்தபடியே சொன்னான். பிப்ரவரியிலிருந்து பிரிட்டா பேசுகிறாள் என்று சொன்னான். திரும்பினால் போய்விடுகிறாள், அதனால்தான் திரும்புவதில்லை என்றான். காதை மூடினால்தான் நன்றாகக் கேட்கிறது என்றான். சொல்லச் சொல்ல, சின்னப் பையன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது போல் பூட்ஸ் முனையால் காங்கிரீட்டைத் தேய்த்தான்.

"என்ன சொல்றா?" என்றாள் ஆர்டிஸ். அந்தக் கேள்வியில் பசி இருந்தது. அவளிடம் யாரும் வந்து பேசவில்லை, ஒரு தரம்கூட.

"பெருசா ஒண்ணும் இல்ல. முதல்ல சமையல்கட்டுல அப்பான்னு கூப்பிட்டா. அவ்வளவுதான்."

ஆர்டிஸ் கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னல்கிட்ட நின்னே, அப்பவா? நிலவறைல மாவு எடுக்கப் போனேன். படில நின்னு கூப்பிட்டேன், மூட்டையைப் பிடிக்கச் சொல்லி."

அவன் அவளைப் பார்த்தான். "இரும்பு இறக்கின அன்னிக்கு, குளிர்ல நிக்காதே உள்ள வான்னா."

"அது நான்."

"காபி ஆறுதுன்னு, தினமும்."

"நான்தான்."

இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டாம் என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. சொல்லாமல் இருந்தால் அந்த ஒன்றாவது மிஞ்சும்.

"கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒரு நாள் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றான். "அழணும்னா அழுதுரு அப்பா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னா. அதை வச்சுத்தான் இவ்வளவு நாளும் நான் எழுந்திருக்கறேன் ஆர்டிஸ்."

அவள் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்லியிருக்கலாம். அது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அவன் அதைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டிருப்பான். அவளுக்கும் அது தெரிந்தது.

"அதுவும் நான்தான்" என்றாள். "உன் பின்னாடியே நின்னேன். கையை நீட்டியிருந்தா தொட்டிருப்பேன். நீ திரும்பவே இல்ல."

வெர்லின் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்றா சொல்வது, விழுந்தான். சிவப்பு இரும்பு வெயிலில் சூடேறிக் கிடந்தது. சரளைப் பாதையில் டெல்மர் திரும்பி வருகிற வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டது.

"அப்ப அவ ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"இல்லப்பா. அவ போயிட்டா."

அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கத்தன்றைக்கு வந்திருக்க வேண்டிய சத்தம், ஜூலை மாதத்தில் வந்தது. ஆறடி உயர மனுஷன் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வண்டி முற்றத்தில் வந்து நின்றது. டெல்மர் இறங்கினான், பார்த்தான், மறுபடி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஆர்டிஸ் வெர்லினின் முதுகில் கையை வைத்தாள், அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நான் இருக்கேன்" என்றாள்.

"ம்" என்றான் வெர்லின். "கேக்குது."